வியாழக்கிழமை நோட்டீஸ்

காசிராஜன் கொட்டகையில் குழாய் உருட்டுகிற பெண்களுக்கு வெளியுலக விவரமெல்லாம் கழிவுத் தாளில்தான் வந்து சேரும். சிவகாசி அச்சகங்களில் நிறம் தப்பியது, கோணலாக வெட்டுப்பட்டது, ஆர்டர் கொடுத்தவர் வேண்டாமென்று தள்ளியது எல்லாம் கட்டுக் கட்டாக அச்சங்குளத்துக் கொட்டகைக்கு வரும். அந்தத் தாளைக் கம்பியில் சுற்றி, பசை தடவி, பலகையில் ஒரு உருட்டு உருட்டி உருவினால் வெடிக்கான குழாய் தயார். கை வேலை செய்யும்போது வாய்க்கும் காதுக்கும் ஏதாவது வேண்டுமே. அதனால் பன்னிரண்டாம் வகுப்புவரை படித்த பானுப்பிரியா, வந்த தாளில் இருப்பதை உரக்க வாசிப்பாள். போன மாதம் முழுக்க யாரோ ஒரு பொறியாளர் மாப்பிள்ளையின் கல்யாணப் பத்திரிகை ஓடியது. தாய்மாமன் பெயரை விட்டுவிட்டு அச்சடித்ததால் தள்ளுபடியான பத்திரிகை அது. அந்தத் தாய்மாமன் கல்யாணத்துக்கு வந்தாரா இல்லையா என்று பதினோரு பெண்களும் ஒரு வாரம் விவாதித்தார்கள்.

2008 ஆனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை வந்த கட்டு மஞ்சளாக இருந்தது. பானுப்பிரியா வழக்கம்போல ஒன்றை எடுத்து ஆரம்பித்தாள்.

"பெண்களே, கவனியுங்கள். வெள்ளைபடுதலில் நாற்றம், நிறமாற்றம், அரிப்பு, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல்..." அதோடு நிறுத்திவிட்டாள்.

"ஏன் நிப்பாட்டுன? வாசி" என்றாள் இருளம்மாள். கொட்டகையிலேயே மூத்தவள் அவள். எல்லோருக்கும் சித்தி.

"இது வேற மாதிரி இருக்கு சித்தி."

"எந்த மாதிரி இருந்தா என்ன, இங்கன ஆம்பள ஒருத்தனும் இல்லைல்லா. வாசி."

பானுப்பிரியா குரலைத் தாழ்த்திக்கொண்டு வாசித்தாள். "இவை உடம்புச் சூட்டால் மட்டுமே வருபவை என்று இருந்துவிடாதீர்கள். பால்வினைத் தொற்றாகவும் இருக்கலாம். முழுமையாகக் குணப்படுத்த மருந்து உண்டு. கணவன் மனைவி இருவரும் சேர்ந்து சிகிச்சை பெற வேண்டும். ஒருவர் மட்டும் மருந்து எடுத்தால் தொற்று திரும்ப வரும். விருதுநகர் அரசு மருத்துவமனை, அறை எண் பன்னிரண்டு, வியாழக்கிழமை காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை. உங்கள் விவரங்கள் ரகசியமாகப் பாதுகாக்கப்படும்."



"சூடு இல்லையாம்ல" என்றாள் ஒருத்தி.

"மூணு வருசமா சூடு சூடுன்னு எம்புட்டு வெந்தயம் தின்னிருப்பேன்" என்றாள் இருளம்மாள். "அம்புட்டையும் வெதச்சிருந்தா ஒரு குறுக்கம் நெலத்துல வெள்ளாமை எடுத்திருக்கலாம்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்புச் சத்தம் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்த காசிராஜன், ஒரு தாளைக் கையில் எடுத்தான். இரண்டு வரி வாசித்ததும் அவன் காது சிவந்துவிட்டது.

"எளுத்து உள்பக்கம் போற மாதிரி உருட்டுங்க" என்றான்.

"வெடிக்கிறதுக்கு எளுத்து எந்தப் பக்கம் இருந்தா என்ன அண்ணாச்சி?" என்று கேட்டாள் இருளம்மாள்.

காசிராஜன் வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனான்.

சிரிக்காமல் இருந்தது மாரிசெல்வி மட்டும்தான். முப்பது வயது, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். கணவன் பிரபாகரன் பட்டாசுக் கம்பெனிக்கு லாரி ஓட்டுகிறான். நாக்பூர், இந்தூர் என்று லோடு ஏற்றிப் போனால் திரும்பி வரப் பதினைந்து நாள் ஆகும். எட்டு மாதமாக அவளுக்கு அந்த நோட்டீஸில் சொன்னதெல்லாம் இருந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்தாள், வெந்தயம் தின்றாள், இளநீர் குடித்தாள். மருந்துக் கடைக்காரரிடம் தலைவலி என்று ஆரம்பித்து, மெல்லச் சுற்றி வளைத்துச் சொல்லி மாத்திரை வாங்கினாள். மாத்திரைக்குக் கொஞ்சம் மட்டுப்படும். பிரபாகரன் ஊருக்கு வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனதும் மறுபடி தொடங்கும். 'திரும்ப வரும்' என்ற வார்த்தையைக் கேட்டபோது, அவளை யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது.

யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு மஞ்சள் தாளை எட்டாக மடித்துச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை சாயந்தரம் காசிராஜனிடம் லீவு கேட்டாள். "சின்னவன் ஸ்கூல்ல வரச் சொல்லியிருக்காக அண்ணாச்சி."

"சீசன் நேரத்துல எல்லாரும் சொல்லி வச்ச மாதிரி கேளுங்க" என்று அலுத்துக்கொண்டான் அவன். "இருளம்மாளுக்கு அக்கா மக வீட்டுச் சடங்காம். பானுவுக்கு அம்மா வீட்டுக்குப் போகணுமாம்."

வியாழக்கிழமை காலையில் மாரிசெல்வி விருதுநகர் பஸ் ஏறினாள். சாத்தூர் ஆஸ்பத்திரி பக்கம்தான். ஆனால் அங்கே போனால் சீட்டு எழுதுகிற இடத்திலேயே சொந்தக்காரர் ரெண்டு பேராவது இருப்பார்கள். விருதுநகரில் அவளை யாருக்கும் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாள்.

பன்னிரண்டாம் எண் அறை எக்ஸ்ரே எடுக்கும் இடத்தைத் தாண்டிக் கடைசியில் இருந்தது. பூட்டியிருந்தது. எதிரே கிடந்த பெஞ்சில், முந்தானையைத் தலையோடு இழுத்துப் போர்த்திச் சுவரைப் பார்த்தபடி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பாதத்தையும் அதில் காய்ந்து ஒட்டியிருந்த பசையையும் மாரிசெல்விக்கு நன்றாகத் தெரியும்.

"சித்தி, சடங்கு இங்கனதான் நடக்கா?"

இருளம்மாள் மெல்லத் திரும்பினாள். "ஒம் மவன் ஸ்கூலு இதுதானா?"

மாரிசெல்வி பக்கத்தில் உட்கார்ந்தாள். பத்து நிமிடம் கழித்து நடையின் மறுகோடியில் பானுப்பிரியா வந்தாள். இவர்களைப் பார்த்ததும் சட்டென்று திரும்பி நடக்கத் தொடங்கினாள்.

"ஏ பானு" என்று கூப்பிட்டாள் இருளம்மாள். "வா, வா. ஒங்கம்மா வீடு இதுதான், நீ ஒண்ணும் வழி தப்பலை."

பானுப்பிரியா முகத்தைக் கையால் மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் மூன்று பேருக்கும் அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது. எக்ஸ்ரேக்குக் காத்திருந்த ஒரு பெரியவர், இப்படிச் சிரிக்கிறவர்களுக்கு என்ன நோயோ என்பது போலப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் சுப்புலட்சுமி வந்தாள். அந்த அறையில் வருகிறவர்களோடு பேசி, விவரம் சொல்லி, மருத்துவரிடம் அனுப்பி வைக்கிற ஆலோசகர். நாற்பது வயதிருக்கும்.

"யாரைப் பாக்கணும்?"

"பன்னெண்டாம் நம்பர் ரூமு" என்றாள் மாரிசெல்வி.

"இன்னைக்குக் கிடையாதேம்மா. செவ்வாயும் வெள்ளியும்தான்."

"வியாழன்னுதான போட்டிருக்கு?" மாரிசெல்வி பையிலிருந்து மஞ்சள் தாளை எடுத்து நீட்டினாள்.

சுப்புலட்சுமி அதை விரித்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "இது ஒங்களுக்கு எப்படிக் கிடைச்சது?"

"குளாய் உருட்ட வந்துச்சு."

சுப்புலட்சுமி பெஞ்சில் அவர்களோடு உட்கார்ந்துவிட்டாள். முப்பதாயிரம் நோட்டீஸ் ஆர்டர் கொடுத்ததையும், அச்சகத்தில் கிழமையை மாற்றி அடித்துவிட்டதையும், மொத்தத்தையும் திருப்பி அனுப்பியதையும் சொன்னாள். "சரியா அடிச்ச நோட்டீஸ் இன்னும் வரவேயில்லை. நாலு மாசமா இந்த ரூம்ல இருக்கேன். வந்த பொம்பளைக ஒன்பது பேரு. இன்னைக்குப் பூட்டிக் கெடக்கற ரூமுக்கு மூணு பேர் வந்திருக்கீக."

அவர்களை அப்படியே உட்காரச் சொல்லிவிட்டுப் பிரசவ வார்டுப் பக்கம் போனாள். திரும்பி வரும்போது கையில் சாவி இருந்தது, பின்னால் ஒரு பெண் மருத்துவரும் வந்தார். மருத்துவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் இல்லை. ஆனால் பன்னிரண்டு மணிக்குள் ஏழாயிரம்பண்ணையிலிருந்து ஒரு மாமியாரும் மருமகளும், ஆமத்தூரிலிருந்து ஒருத்தியும், அங்குள்ள கொட்டகைகளுக்கும் குழாய் உருட்டப் போயிருந்த அதே மஞ்சள் தாளோடு வந்து நின்றபோது, அவர் தானாகவே, "வியாழனும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். சுப்புலட்சுமி உடனே அச்சகத்துக்குப் போன் போட்டு, புது நோட்டீஸில் மூன்று கிழமைகளையும் போடச் சொன்னாள்.

ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் உள்ளே கூப்பிட்டார்கள். முதலில் போன பானுப்பிரியா ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தாள். அவளுக்கு ஒன்றுமே இல்லை. எல்லாப் பெண்களுக்கும் மாதத்தில் சில நாட்கள் இயல்பாக இருக்கும் வெள்ளைபடுதல்தான். கல்யாணமானதிலிருந்து ஏதோ பெரிய வியாதி என்று தனக்குள் பயந்து கிடந்தவள், அந்த பெஞ்சிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருளம்மாளுக்கு ரத்தம் எடுத்துப் பார்த்ததில் சர்க்கரை இருந்தது. அதனால் வந்த பூஞ்சைத் தொற்றுதான் அந்த மூன்று வருட அரிப்பு. "சூடு இல்லை, சீனி" என்று இருளம்மாளே நடையில் எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தாள்.

மாரிசெல்வி கடைசியாகப் போனாள். மருத்துவர் பரிசோதித்து முடித்த பிறகு, சுப்புலட்சுமி கதவைச் சாத்திவிட்டு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"தொற்று இருக்கு மாரிசெல்வி. குணமாகக்கூடியதுதான். பயப்பட வேண்டாம்."

யாரும் கேட்காமலேயே மாரிசெல்வி சொன்னாள். "நான் யாருகிட்டயும் போனது கிடையாதுக்கா."

"அதை நான் கேக்கவேயில்லையே. இங்க வாறவங்களை நல்லவங்க கெட்டவங்கன்னு பாக்குறதுக்கு நான் இல்லை. ஒங்க வீட்டுக்காரரு என்ன செய்யுதாரு?"

சொன்னாள்.

"அவரும் வரணும். நீங்க மட்டும் மாத்திரை சாப்பிட்டா, அடுத்த லோடு இறக்கிட்டு அவரு வந்ததும் திரும்ப இதே நாக்காலியிலதான் வந்து உக்காருவீக. அவருக்கும் வைத்தியம் முடியிற வரைக்கும் தள்ளி இருந்துக்கோங்க. ரத்தமும் குடுத்திட்டுப் போங்க, எச்.ஐ.வி.யும் பாத்திருவோம். ஒங்களுக்குச் சம்மதம்னா."

மாரிசெல்வி சம்மதித்தாள். ஆஸ்பத்திரியிலேயே எச்.ஐ.வி. பார்க்கும் நம்பிக்கை மையத்தில் ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நேரத்தில், இரண்டு பிள்ளைகளும் எந்தச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனார்கள் என்று யோசித்துப் பார்த்தாள். எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. எச்.ஐ.வி. இல்லை என்று முடிவு வந்தது. கிருமி புதிதாக ஒட்டியிருந்தால் உடனே ரத்தத்தில் தெரியாது, அதனால் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றார்கள்.

பிரபாகரன் சனிக்கிழமை மத்தியானம் வந்தான். எப்போதும்போலச் சிரித்த முகம். பிள்ளைகளுக்கு நாக்பூரிலிருந்து ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில் வாங்கி வந்திருந்தான். அன்றைக்கு ராத்திரி அவள் பிள்ளைகளோடு படுத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகள் விளையாடப் போன பிறகு, அவன் வாசலில் உட்கார்ந்து மொபெட்டைக் கழுவிக்கொண்டிருந்தான். எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று விதமாகப் பேசிப் பார்த்து வைத்திருந்தாள் மாரிசெல்வி. கடைசியில் எதையும் சொல்லாமல் மஞ்சள் தாளை அவன் கையில் கொடுத்தாள்.

அவன் ஈரக் கையோடு வாசித்தான்.

"யாரு குடுத்தா இதை?"

"அதை விடுங்க. நான் போய்ப் பாத்திட்டு வந்தேன். எனக்கு இருக்குன்னு சொல்லிட்டாக. நீங்களும் வரணும்."

"அப்போ என்னையச் சந்தேகப்படுத."

"சந்தேகம்னு ஒண்ணும் இல்லை. எனக்கு வந்திருக்கு. நான் எங்கயும் போகலை."

அவன் வாளித் தண்ணீரை அப்படியே சாய்த்துவிட்டு, பாதி கழுவின மொபெட்டிலேயே ஏறிப் போய்விட்டான். மாரிசெல்வி உள்ளே வந்து உளுந்து ஊறப் போட்டாள். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. அரை மணி நேரத்தில் மொபெட் சத்தம் கேட்டது. அவன் உள்ளே வந்து சுவரோரமாக உட்கார்ந்தான். தன் பையைத் திறந்து, அடியில் துணி சுற்றி வைத்திருந்த ஒரு டப்பாவை எடுத்து வெளியே வைத்தான். லேகியம்.

"மதுரையில லாட்ஜ்ல ரூம் எடுத்து ஒரு வைத்தியர் உக்காந்திருக்காரு. மாசாமாசம் அவருகிட்ட வாங்கித் திங்கேன்" என்றான். "எனக்கும் எரிச்சல் இருக்கு. ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு."

"ஒரு வருசமா?"

"லோடு இறக்கப் போற எடத்துல ரெண்டு மூணு நாள் காத்துக் கெடக்கணும், மாரி. கூட இருக்கவங்க கூப்புட்டாங்கன்னு போனேன். ரெண்டு தடவை."

அவன் போனது ஒரு அடி என்றால், தெரிந்தே பேசாமல் இருந்தது அதைவிடப் பெரிய அடியாக விழுந்தது அவளுக்கு. "நான் வெந்தயம் தின்னதை இந்த வீட்டுக்குள்ள உக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தீக."

"ஒனக்குச் சூடுன்னுதான் நானும் நெனச்சேன்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "அப்படி நெனச்சுக்கிட்டேன்" என்று திருத்திக்கொண்டான்.

மாரிசெல்வி அழுதாள். அவன் எழுந்து வரப் பார்த்தபோது கையைக் காட்டி அங்கேயே இருக்கச் சொன்னாள். அழுது முடித்து முகம் கழுவிவிட்டு வந்து நின்றாள்.

"வியாழக்கிளமை எங்கூட வாறீக. மத்ததை அப்புறம் பேசிக்கிடலாம்."

"வியாழக்கிளமை லோடு இருக்கே."

"லோடு இல்லாத கிளமை எதுன்னு சொல்லுங்க. அன்னைக்கு ஒங்களோட குடும்பம் நடத்துதேன்."

அவன் கம்பெனிக்குப் போன் போட்டு, வேறு டிரைவரை அனுப்பச் சொன்னான்.

வியாழக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து பிரபாகரன் துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டே நடந்தான். பன்னிரண்டாம் எண் அறையின் முன்னால் ஏற்கெனவே ஒரு ஆள் அதே மாதிரி துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இருவரும் ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்தார்கள். அவன் கருத்தப்பாண்டி, அதே கம்பெனி லாரி டிரைவர்.

"பல்லு வலி" என்றான் கருத்தப்பாண்டி.

"எனக்கும்" என்றான் பிரபாகரன்.

சுப்புலட்சுமி கதவைத் திறந்து, "பல்லு வலிக்காரங்க ரெண்டு பேர்ல மொதல்ல யாரு வாறீக?" என்று கேட்டாள்.

உள்ளே அவள் யாரையும் திட்டவில்லை. மாத்திரையை எப்போது, எத்தனை நாள் சாப்பிட வேண்டும், எதற்காகப் பாதியில் நிறுத்தக் கூடாது என்று சொன்னாள். லேகியத்துக்குக் கிருமி சாகாது என்று சொன்னாள். பிறகு மேஜையிலிருந்து ஆணுறைப் பாக்கெட்டுகளை எடுத்து, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு மரக்கட்டையில் மாட்டியே காட்டினாள். ஆயிரம் கிலோமீட்டர் லாரி ஓட்டுகிற பிரபாகரன், மின்விசிறி எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்க பாருங்க அண்ணாச்சி, இதைத் திரும்ப ஒருக்கக் காட்டணுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம் மேடம், பாத்துட்டேன்" என்றான் அவசரமாக.

அவனுடைய ரத்தப் பரிசோதனை முடிவுக்கு இருவரும் பெஞ்சில் காத்திருந்தார்கள். அவள் மேல் படாதபடி ஓரமாக உட்கார்ந்திருந்தான். அவளுக்குக் கோபம் குறையவில்லை. ஆனாலும் அந்த முடிவு நல்லதாக வர வேண்டும் என்று இருக்கன்குடி மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டாள். நல்லதாகவே வந்தது. அவனுக்கும் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை.

அதற்கு அப்புறம் கொட்டகையில் பேச்சே மாறிப்போனது. மாரிசெல்வி மேடை ஏறிப் பேசுகிற ஆள் இல்லை. சுப்புலட்சுமி ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டபோதுகூட மாட்டேன் என்றுதான் சொன்னாள். ஆனால் குழாய் உருட்டிக்கொண்டே பக்கத்தில் இருப்பவளிடம், "எனக்கும் இருந்துச்சு, இப்போ இல்லை" என்று சொல்ல அவளுக்குக் கூச்சம் வரவில்லை. அந்த ஒரு வார்த்தைக்கே அச்சங்குளத்திலிருந்து ஒவ்வொரு வியாழனும் யாராவது பஸ் ஏறினார்கள். ஆவணியில் ஒருநாள் காசிராஜனே அவளைத் தனியாகக் கூப்பிட்டு, மூன்று தடவை தொண்டையைச் செருமிவிட்டு, "எம் மச்சானுக்கு ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்தான்.

"ஒங்க மச்சானை வியாழக்கிளமை போகச் சொல்லுங்க அண்ணாச்சி. கூடவே வீட்டுக்காரம்மாவையும் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

"மச்சான் மட்டும் போனாப் பத்தாதா?"

"பத்தாது."

ஐப்பசி பிறக்கும்போது தீபாவளிக்கான கடைசி லோடு போய் முடிந்துவிட்டது. மாரிசெல்வியும் பிரபாகரனும் இரண்டாவது பரிசோதனைக்கு விருதுநகர் போனார்கள். இருவருக்கும் ஒன்றும் இல்லை என்று எழுதிய தாள் கிடைத்தது. அந்த மூன்று மாதமும் அவள் பிள்ளைகளோடுதான் படுத்திருந்தாள். அவனும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

திரும்பி வருகிற பஸ் ஆமத்தூர் விலக்கைத் தாண்டியது. அவன்தான் பேச்சைத் தொடங்கினான்.

"இனிமே என்னைய நம்புவியா?"

"நீங்க லோடு போற பக்கமெல்லாம் நான் கூட வர முடியாது. ஒண்ணே ஒண்ணு. ஒடம்புக்கு எதுனாலும் மொதல்ல எங்கிட்டச் சொல்லணும். என்ன ஏதுன்னு ரெண்டு பேருமாப் போய்ப் பாப்போம்."

"சொல்லுதேன்."

"சொல்லுதேன்னு சொல்லிட்டு மறைக்கக் கூடாது."

"இல்லை, சொல்லுதேன்." அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான். "இப்போ ஒண்ணு சொல்லட்டா?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "என்ன?"

"இடுப்புக்கு மேல முதுகு வலிக்கி. ஆறு மாசமா. சீட்டு சரியில்லை லாரியில."

மாரிசெல்வி அவனை மேலும் கீழும் பார்த்தாள். அவன் உட்கார்ந்திருந்தது சக்கரத்துக்கு நேர் மேலே இருந்த சீட். பள்ளத்துக்குப் பள்ளம் தூக்கித் தூக்கிப் போட்டது.

"எந்திரிங்க" என்றாள். "இங்கன வந்து உக்காருங்க, நான் அங்கன இருந்துக்கிடுதேன்."

அவன் எழுந்து இடம் மாறினான். அவள் தன் சாப்பாட்டுப் பையை மடித்து அவன் முதுகுக்குப் பின்னால் செருகிவிட்டாள்.